பின்வளவில் சுட்ட லேபர்கேஸ்

லேபர்கேஸ் சுடுகிறவளின் தலைமயிர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் புகை மணக்கும். பிரசங்கத்தின் நடுவில் பக்கத்து வாங்கில் இருப்பவருக்குப் பசி எடுத்தால் அதற்குச் சுவாமியார் பொறுப்பில்லை.

கொத்துரொட்டித் தட்டுக்கு முன்னால் நின்று காது அடைத்தவர்கள், பீற்சாக் கடைப் போறணை அடுப்பில் முழங்கை சுட்டவர்கள், கோழி பொரிக்கிற எண்ணெயில் கண் எரிந்தவர்கள் எல்லோரும் இதை வாசித்தால் "ஓம், எங்களுக்கும் இதேதான்" என்று சொல்வீர்கள். நெருப்போடு சீவியம் நடத்துகிறவர்கள் எல்லாம் ஒரே சாதி.

நான் மன்னாரில் பிறந்தவள். மியூனிக்கின் ஓரத்தில் ஒரு சின்ன இறைச்சிக்கடையில் வேலை செய்தேன். யூரோ வந்து, சனம் இன்னும் மனதுக்குள் மார்க்கில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. லேபர் என்றால் ஈரல், கேஸ் என்றால் பாற்கட்டி. அந்தச் சாமானில் இரண்டுமே கிடையாது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பன்றிக் கொழுப்பு, ஐஸ் எல்லாம் சேர்த்துக் களியாய் அரைத்து, பாண் ரொட்டி அச்சில் அடைத்து, மேல்தோல் சிவக்கிற மட்டும் சுடுவது. விரல் தடிப்பில் வெட்டி, பிளந்த சின்னப் பாணுக்குள் வைத்து, இனிப்புக் கடுகு விழுது பூசிக் காலமை தின்பார்கள். அந்தப் பாணுக்கு அந்த ஊரில் பெயர் செம்மல். எங்கள் பக்கம் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திக் கொடுக்கிற பட்டம். இங்கே தெரு வேலைக்காரர் கையில் ஆளுக்கு இரண்டு.

போறணை மூச்சை விட்ட காலை

அந்தக் கடையில் நான் முதலில் துடைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். முதலாளி ஹூபர் பெரிய உடம்புக்காரர், பெரிய மீசைக்காரர், கதை மட்டும் சின்னது. ஒரு கோடைகாலச் சனிக்கிழமை நான் நிலம் துடைத்துக்கொண்டு நிற்க, உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மின்சாரப் போறணை நின்றுவிட்டது. களி அடைத்த அச்சுகள் மேசையில் வரிசையாய்க் காத்திருக்கின்றன. திருத்துகிறவன் திங்கட்கிழமைதான் வருவான். சனிக்கிழமை லேபர்கேஸ் இல்லை என்றால் அந்தத் தெருச் சனம் சண்டைக்கு வராது, அடுத்த கிழமை பேசாமல் வேறு கடைக்குப் போய்விடும். முக்கில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் அப்போதுதான் திறந்திருந்தது.

பின்வளவில், முதலாளி குடும்பத்தோடு சொசேஜ் சுடுகிற மூடி போட்ட கரியடுப்பு ஒன்று நின்றது. "றெஜினா, உனக்கு நெருப்புப் பயமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நீ இதிலை நில். நான் கடையைப் பாக்கவேணும்" என்று, கரியை இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கி அச்சை நடுவில் வைக்கிற விதத்தைக் காட்டிவிட்டு ஓடினார். நான் நின்றேன். மூடியைத் திறக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் திறந்தால் மேல்தோல் பொன்னிறம், கவிழ்த்தால் அடி முழுக்கக் கரி. இருந்த வேலையும் போச்சு என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முதலாளி வந்து பார்த்தார். கரிந்ததைக் கத்தியால் சீவி எறிந்தார். மிச்சத்தைத் துண்டு போடத் தொடங்கினார்.

முதல் துண்டு போனது தெரு திருத்துகிற செப் என்பவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். திரும்பிக் கூட்டாளிகளைப் பார்த்தார். பிறகு வாய் நிறைய இருக்கச் சொன்னார்: "ஹூபர், அந்தப் போறணையைத் திருத்தாதையுங்கோ."

எந்த றெஜினா?

போறணையைத் திருத்தியதுதான். ஆனால் சனிக்கிழமைகளில் சனம் கடை வாசலை விட்டுப் பின்வளவுப் படலைக் கதவடியில் வரிசை கட்டத் தொடங்கிவிட்டது. முதலாளி ஒரு மேசையும் குடையும் வாங்கிப் போட்டார். துடைக்கிற வேலைக்கு வேறு ஆள் வந்தது. நான் அடுப்புக்காரி ஆனேன்.

றெஜினா என்பது எனக்கு மன்னார்க் கோயிலில் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பவேரியாவிலும் அந்தப் பெயரில் வீட்டுக்கு ஒரு கிழவி இருப்பா என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் இறகு செருகிய தொப்பியோடு ஒரு அம்மா பக்கத்து ஊரிலிருந்து வந்தா. என்னைத் தாண்டி எட்டி எட்டி உள்ளே பார்த்தா. "றெஜினாவைக் கூப்பிடுங்கோ. அவவின்ரை லேபர்கேஸ் நல்லது எண்டு சொன்னவை" என்றா. நான்தான் என்றேன். அம்மா ஒருமுறை என்னை மேலிருந்து கீழ் பார்த்தா. நான் இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வரப்போகிற கேள்விக்குத் தயாராய் நின்றேன். எந்த நாடு, எப்ப வந்தனி, எப்ப திரும்பிப் போவாய் என்று எல்லோரும் கேட்கிற அதே கேள்வி. அம்மா பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினா.

"என்ரை அக்காவும் றெஜினாதான். அவவுக்கும் எந்த நேரமும் மூக்கிலை கரி."

சாலட் சாப்பிடுகிறவர்

காற்று மாறி அடித்தால் புகை நேரே கண்ணுக்குள் வரும். அப்படி வந்த ஒருநாள் "சனியன் பிடிச்ச புகை, போய்த் துலை!" என்று வாய்விட்டுத் திட்டினேன். வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். பார்த்தால் முதுகில் கணினிப் பை மாட்டிய ஒரு பொடியன். "அக்கா, நீங்க தமிழா?" என்றான். "ஓம்" என்றேன். "ஓமா? அப்போ சிலோனா?" என்று அதற்கும் சிரித்தான். கோயம்புத்தூர்க்காரன், பெயர் கார்த்திக், பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை. சனிக்கிழமையும் ஆபீஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவான். அவன் வீட்டில் அசைவம் புழங்குவதில்லை. கலியாணம் கட்டிய பெட்டை சுத்த சைவம். "அக்கா, எங்க வீட்ல யாரையாவது பாத்தா சொல்லிடாதீங்க. ஆபீஸ்ல சாலட் சாப்பிடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்பான்.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மூக்குத்தி போட்ட ஒரு பெட்டை, எங்கள் கடைப் பெயர் அச்சடித்த கசங்கின கடதாசியோடு தனியே வந்து மேசையடியில் நின்றாள். கார்த்திக் அந்தக் கிழமை வேலையாய் பிராங்பேர்ட் போயிருந்தான். "நான் விஜி. கார்த்திக்கோட ஒய்ஃப்" என்றாள். பொய் சொல்வதா, மெய் சொல்வதா? வேறொருத்தர் குடும்பத்தில் என்னால் சண்டை வரப்போகிறதே என்று பயமாய் இருந்தது. அவள் அச்சுகளைப் பார்த்தாள், கரியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு போத்தல் எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே பச்சைப் பசேலென்று புதினாச் சட்னி. "அந்த இனிப்புக் கடுகு அவருக்குப் பிடிக்காதுக்கா. இதத் தொட்டுக்கச் சொல்லுங்க. நான் தந்தேன்னு சொல்ல வேண்டாம்" என்றாள். படலை வரைக்கும் போனவள் திரும்பி நின்று சொன்னாள்:

"ஒரு வருஷமா அவர் கோட்டுல சாலட் வாசனை தூக்கலா இருக்குக்கா."

மேல்வீட்டு யன்னல்

பின்வளவுக்கு மேலே முதலாம் மாடியில் ஒரு யன்னல் இருந்தது. நான் கரி பற்றவைத்தவுடன் அது 'படார்' என்று சாத்தப்படும். கொஞ்ச நேரத்தில் திறக்கும், மீண்டும் படார். ஒருநாள் அந்த வீட்டு ஆள் கடைக்குத் தொலைபேசி எடுத்து, புகை நிற்காவிட்டால் மாநகரசபைக்கு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டா என்று முதலாளியம்மா வந்து சொன்னா. அடுப்பு நின்றால் என் சனிக்கிழமை நிற்கும். சனிக்கிழமை நின்றால் எனக்கு அந்தக் கடையில் என்ன அலுவல்?

ஒரு செம்மலுக்குள் நல்ல துண்டாய் வைத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தது ஒரு நடுவயதுப் பெண். வீங்கின கண், குலைந்த தலை. ஆஸ்பத்திரித் தாதி. இரவு வேலை முடித்து வந்து விடியத்தான் படுக்கிறவ. என் மனுசன் சேவியரும் பார்சல் பிரிக்கிற இடத்தில் இரவு வேலைதான். பகலில் நித்திரை கொள்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. மன்னிப்புக் கேட்டேன். அடுப்பைக் கராஜ் பக்கம் தள்ளி வைக்கிறேன், அங்கே காற்று மற்றப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவ பார்சலை வாங்கினா. கதவடியில் நின்றபடியே ஒரு கடி, இன்னொரு கடி. முழுவதும் முடிந்த பிறகு கடதாசியை மடித்து என் கையில் தந்தா.

"புகையாலை இல்லை, அம்மா. பசியாலைதான் எனக்கு இவ்வளவு நாளும் நித்திரை வரேல்லை."

வெள்ளைச் சொசேஜுக்கு வந்த ஆபத்து

மியூனிக்காருக்குக் காலையில் இன்னொரு சாப்பாடு உண்டு. கன்றிறைச்சியில் செய்த வெள்ளைச் சொசேஜ். அதைச் சுடுதண்ணீரில் மெல்லச் சூடாக்கித் தோலை உரித்துத்தான் தின்னவேண்டும். நெருப்பில் காட்டக்கூடாது. வடக்கே ஹம்பர்க்கிலிருந்து புதிதாய்க் குடிவந்த ஒரு மனிசனுக்கு இது தெரியாது. கடைக்குள் வாங்கின சொசேஜைப் பின்வளவுக்குக் கொண்டுவந்து, "இதையும் உங்கடை அடுப்பிலை ஒரு பிரட்டுப் பிரட்டித் தாங்கோ" என்றார். வாடிக்கையாளர் கேட்டால் மறுக்கக்கூடாது என்று நான் இடுக்கியைத் தூக்கிவிட்டேன். வரிசை அப்படியே அமைதியாகிவிட்டது, பூசையில் சுவாமியார் அப்பத்தைத் தூக்குகிற நேரம் யாருடைய கைத்தொலைபேசியோ பாடினதுபோல. முதலாளி உள்ளேயிருந்து வந்தார். என் கையிலிருந்த இடுக்கியை மெதுவாய் வாங்கினார். அந்த மனிசனின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மனிசன் மீசையில் கடுகு விழுதோடு வெளியே வந்தார். முதலாளி தண்ணீர் வைத்து, தானே தோல் உரித்துக் கொடுத்திருக்கிறார். மனிசன் என் அடுப்பைத் தாண்டும்போது குனிந்து ரகசியமாய்ச் சொன்னார்: "நல்ல காலம் நீங்கள் சுடேல்லை. என்னை அடுத்த ரயிலிலை ஏத்தி அனுப்பியிருப்பினம்."

முனைத்துண்டு

லேபர்கேஸில் ருசியான இடம் அச்சின் முனை. மூன்று பக்கமும் தோல் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும். காலமை முதலில் இறக்குகிற அச்சுக்கு முனை இரண்டு உண்டே என்பீர்கள். ஒன்று முதலாளிக்கு, அது அந்தக் கடையின் எழுதாத சட்டம். மிச்சமுள்ள ஒன்றுக்கு இரண்டு பேர் போட்டி. ஓய்வுபெற்ற டிராம் ஓட்டி ஆல்ஃபிரட், ஓய்வுபெற்ற தபால்காரர் மாக்ஸ். ஒரே வகுப்பில் படித்து ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். இருவர் வீட்டுக்கும் நடுவில் உள்ள செடிவேலியை யாரோ யாரையோ கேட்காமல் வெட்டியதில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எப்போது என்று தெருவில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. வரிசையில் முன்னும் பின்னும் நிற்பார்கள்; ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கமாட்டார். முனைக்காக ஒருவரை ஒருவர் முந்தி முந்தி, கடைசியில் நான் கரிச் சாக்கைப் பிரிக்கும்போதே படலையடியில் நின்றார்கள்.

இலை கொட்டுகிற காலத்தில் ஒரு சனிக்கிழமை மாக்ஸ் மட்டும் வந்தார். முனைத்துண்டு கேட்காமலே கிடைத்தது. வாங்கிக்கொண்டு மேசையடியில் நின்றார், தின்னவில்லை. படலையைப் பார்ப்பதும் துண்டைப் பார்ப்பதுமாய் இருந்தார். கடைசியில் "அவன் ஏன் வரேல்லை?" என்று என்னிடம் கேட்டார். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஆல்ஃபிரட் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று முதலாளியம்மா சொன்னதைச் சொன்னேன். மாக்ஸ் துண்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வரிசையின் தலைமாட்டில் நின்றார், கையில் சூடு ஆறாத பெட்டி. எனக்கு இரண்டு முனையும் வேணும் என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி தன் துண்டையும் வெட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கிழமையிலிருந்து ஆல்ஃபிரட் தடியூன்றி வரும்வரை இப்படித்தான் நடந்தது. வந்த பிறகும் இரண்டு பேரும் பெரிதாய்ப் பேசிக்கொண்டதை நான் காணவில்லை; ஆனால் முனைத்துண்டை நடுவால் வெட்டச் சொல்வார்கள். அந்த முதல் சனிக்கிழமை பெட்டியை மூடும்போது மாக்ஸ் விரலை நீட்டி எனக்குச் சொன்னது இது:

"கொண்டுபோறது நான்தான். ஆனால் தந்துவிட்டது நீங்கள் எண்டுதான் அவனிட்டைச் சொல்லுவன்."

கனடாவிலிருந்து வந்த மச்சாள்

சேவியரின் அக்கா கனடாவில். எனக்கு மச்சாள். நான் ஜெர்மனியில் ஒரு ஒஃபீசில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது அவதான். நான் எத்தனையோ தரம் தொலைபேசியில் "இறைச்சிக்கடை, மச்சாள்" என்று சொல்லியும் அவவின் காதில் அது ஏறவில்லை. ஒரு கோடையில் எங்களிடம் வந்து நின்றா. சனிக்கிழமை எனக்கு வேலை என்று போய்விட்டேன். ஏழரை மணிபோல நிமிர்ந்து பார்த்தால் படலையில் மச்சாள், பட்டுச் சேலை, தோளில் கைப்பை, பக்கத்தில் தூக்கம் கலையாத சேவியர். நான் கரி படிந்த கையோடு, நெற்றியில் வியர்வையோடு நிற்கிறேன். மச்சாள் உள்ளே வரவில்லை. வெட்கம் எனக்கில்லை; அவவுக்கு வந்த வெட்கத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாய் இருந்தது.

வரிசையில் நின்ற ஒரு கிழவி மச்சாளின் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னா. "என்னவாம்?" என்று மச்சாள் கேட்டா. "றெஜினா விடுமுறையிலை போனால் தங்களுக்குச் சனிக்கிழமையே இல்லையாம்" என்று சேவியர் மொழிபெயர்த்தார். மச்சாள் மெல்ல உள்ளே வந்து குடைக்குக் கீழே இருந்தா. நான் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். மேசைக்கடியில் எனக்கென்று ஒளித்து வைத்திருந்த, செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல் போத்தலையும் எடுத்துக் கொடுத்தேன். சம்பலைப் பூசினா, கடித்தா, சேலையில் படாமல் குனிந்து முழுவதையும் முடித்தா. விரலைத் துடைத்தபிறகுதான் என்னை நேரே பார்த்தா.

"ஊரிலை கேட்டால் நீ ஒஃபீசிலை எண்டுதான் இன்னும் சொல்லுவன். அது கிடக்கட்டும், அந்தக் கருகின பக்கத்தாலை இன்னொரு துண்டு வெட்டு."

முதலாளியின் கை

ஒரு மாரிகாலம் முதலாளி பின்வளவு ஐஸில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சுடுவது நான் என்றாலும் களி அரைப்பது எப்போதும் அவர் கைதான். அதை வேறு யாரையும் தொடவிடமாட்டார். கடையை வசந்தம் வரைக்கும் பூட்டுவோம் என்று முதலாளியம்மா முடிவெடுத்தா. ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, "பூட்டினால் பிறகு திறப்பமோ தெரியாது, றெஜினா" என்றா. அந்த மாதம்தான் சேவியருக்கும் வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள். நான் முதலாளியிடம் போய், "நீங்கள் கதிரையிலை இருந்து சொல்லுங்கோ, நான் செய்யிறன்" என்றேன். "இது சொல்லிச் செய்யிற அலுவல் இல்லை" என்றார். ஆனாலும் வந்து கதிரையில் இருந்தார்.

முதல் களி பிழைத்துப்போனது. சுட்டபோது கொழுப்பு வேறு, தண்ணீர் வேறாய்ப் பிரிந்து, வெட்டினால் மண்ணாய் உதிர்ந்தது. அவ்வளவு இறைச்சியையும் கொட்டவேண்டி வந்தது. முதலாளி ஏசவில்லை. "இறைச்சிக்குச் சூடு பிடிச்சிட்டுது. ஐஸ் போடப் பயப்பிடாதை" என்றார். அடுத்த தரம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இடது கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து உள்ளே வைத்தார். விரல் விறைக்கிற குளிர், அதற்குள் பட்டுப்போல ஒரு வழுவழுப்பு. "இதுதான். மறக்காதை" என்றார். சனிக்கிழமை பின்வளவு முழுக்கப் பனி. கரி பிடிக்க மாட்டேன் என்றது. முதலாளி கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். மூடியைத் திறந்தேன், தோல் சிவந்திருந்தது. முதல் துண்டைத் தனக்குத் தரச் சொன்னார். வரிசையில் நின்ற சனம் எல்லாம் அவர் வாயையே பார்த்தது. முதலாளியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவர் சப்பினார், சப்பினார், மீசை மட்டும் ஆடியது. கடைசியில் விழுங்கிவிட்டு, கட்டுப் போட்ட கையால் சனத்தைப் பார்த்து வரச் சொல்லிக் காட்டினார்.

"உப்புக் கொஞ்சம் காணாது. கடை பூட்டத் தேவையில்லை."

இவ்வளவு காலம் நெருப்படியில் நின்று நான் படித்தது ஒன்றே ஒன்று: காலைப் பசியோடு நிற்கிற மனிசனிடம் அவன் எந்த நாடு என்று கேட்கிறவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பவேண்டும்.